பிஷ்கெக்குக்கு இருபத்திரண்டு லிட்டர்

"ஏங்க, கிளம்பும்போது இருந்த பெட்ரோல்ல பாதி போயிடுச்சு. முள்ளைப் பாருங்க."

"முள்ளை யாரு பார்க்கச் சொன்னா? அது நினைச்சா ஏறும், நினைச்சா இறங்கும். நான் கணக்கைப் பார்த்து வண்டி ஓட்டறவன்."

சகின்பெக் இதைச் சொன்னபோது டோலான் கணவாயின் உச்சிக்கு இன்னும் நான்கு வளைவுகள் பாக்கி இருந்தன. ஏப்ரல் பிறந்தும் சாலையின் இரண்டு பக்கமும் பனி ஆளுயரத்துக்கு நின்றது. அவர்கள் ஊரான அக்-பெல்லிலிருந்து தலைநகர் பிஷ்கெக் முந்நூற்று முப்பது கிலோமீட்டர். வந்திருப்பது எண்பத்தைந்து.

அவர் மனைவி புருல்கான் பின் இருக்கையில் இருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி குபாத் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தான். அவன் மடியில் சுருட்டிய கம்பளம், காலடியில் உருளைக்கிழங்கு மூட்டை, முதுகுக்குப் பின்னால் டிக்கியில் உயிரோடு ஓர் ஆடு.

அன்று மதியம் இரண்டு மணிக்கு, பிஷ்கெக்கில் புருல்கானின் அக்கா மைராம் வீட்டில், சகின்பெக்கின் ஒரே மகள் ஜிபாராவுக்குக் கம்மல் போடும் சடங்கு. மாப்பிள்ளையின் தாய் தன் கையால் கம்மலைப் போட்டுவிட்டால் பெண் அந்த வீட்டுக்கு உறுதியாகிவிட்டாள். அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து ஆசி சொல்ல வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் இதற்கு டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். சகின்பெக் அப்படிச் செய்ய முடியாது. அக்-பெல் சாலைப் பராமரிப்பு அலுவலகத்தின், பெட்ரோலில் ஓடும் ஆறு லாரிகளுக்கும் எரிபொருள் அளவு போடுகிறவர் அவர். எந்த லாரி நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கலாம் என்பதை இருபத்திரண்டு வருடமாக அவர் பேனாதான் முடிவு செய்கிறது. டிரைவர்கள் முப்பது என்பார்கள். அவர் இருபத்தாறு என்று எழுதுவார். அவர்கள் ஏற்றம் என்பார்கள், பனி என்பார்கள், லாரி தங்கள் அப்பா காலத்தது என்பார்கள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"சரி, மிச்சம் நாலு லிட்டர் எங்க போகுது?"

பெட்ரோல் எங்கேயோ போகிறது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எங்கே என்பதுதான் தெரியவில்லை. அதைத் தேடி ஒருமுறை ஒரு டிரைவரின் வீட்டுக் கோழிக் கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறார்.

அவர் வாதத்துக்கு ஆதாரம் அவருடைய சொந்தக் கார். "இருபத்தஞ்சு வருஷத்து ஜெர்மன் வண்டி. நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர். அதுக்கு மேல ஒரு சொட்டு குடிக்காது. வித்தை வண்டியில இல்லைப்பா, ஓட்டறவன் கால்ல இருக்கு."

பிப்ரவரியில் அவர் இருபத்தாறை இருபத்திநாலு ஆக்கினார். டிரைவர்கள் மனு எழுதினார்கள். அலுவலக முற்றத்தில் வாக்குவாதம் முற்றி, கடைசியில் போன வாரம் சகின்பெக் தொண்டை கிழியக் கத்திவிட்டார்: "வர்ற சனிக்கிழமை மூணு பேரையும் ஒரு ஆட்டையும் ஏத்திக்கிட்டு இருபத்திரண்டு லிட்டர்ல பிஷ்கெக் போய்க் காட்டறேன்!"

போனால், இனி அளவைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. போகாவிட்டால் பழைய அளவைத் திருப்பிக் கொடுப்பதோடு ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். காலி டேங்கில் எல்லார் கண் முன்னாலும் இருபத்திரண்டு லிட்டர் ஊற்றி, மூடியின் மேல் காகிதம் ஒட்டி, அலுவலக முத்திரை குத்தி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சியாகக் கூட வருபவன் ஆறு பேரில் ஒருவனும் அவருடைய மச்சானுமான குபாத்.

"பஸ்ல போயிடலாம்னு காலையிலயே சொன்னேன்," என்றாள் புருல்கான்.

"பஸ்ல போனா யாருக்கு என்ன நிரூபணம் ஆகும்?"

"உங்க பொண்ணுக்குக் கம்மல் போட்டாங்கன்னு நிரூபணம் ஆகும்."

சகின்பெக் ஹீட்டரை அணைத்தார். ஹீட்டரின் விசிறி பெட்ரோல் தின்கிறது என்பது அவர் கட்சி. இரண்டு நிமிடத்தில் மூன்று பேரின் மூச்சும் ஆட்டின் மூச்சும் சேர்ந்து கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

"அத்தான், எனக்கு ரோடு தெரியலை," என்றான் குபாத்.

"நீயா ஓட்டறே?"

"உங்களுக்கும் தெரியலைன்னு தெரியுதே, அதான் சொல்றேன்."

புருல்கான் தன் புதுச் சால்வையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மூடியது. வேறு வழியில்லாமல் சகின்பெக் ஜன்னலை இறக்கினார். மூவாயிரம் மீட்டர் உயரத்துக் காற்று உள்ளே வந்து உட்கார்ந்தது. ஜன்னல் திறந்தால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும், அதற்கும் பெட்ரோல் செலவாகும் என்று அவருக்குத் தோன்றவே பாதி ஏற்றினார். மீண்டும் கண்ணாடி மூடியது. மீண்டும் இறக்கினார். உச்சியைத் தொட்டபோது மூன்று பேருக்கும் பல் தந்தியடித்தது. ஆட்டுக்கு மட்டும் கம்பளி இருந்தது.

இறக்கம் தொடங்கியதும் சகின்பெக்கின் முகம் மலர்ந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"அத்தான்! என்ன பண்றீங்க?"

"இறக்கத்துல எதுக்கு எஞ்சின்? மலை நமக்கு இலவசமா கொடுக்குது, வாங்கிக்கிட்டுப் போவோம்."

"எஞ்சின் ஓடலைன்னா பிரேக் பிடிக்காது! ஸ்டியரிங் இறுகிடும்! ஐயோ, வளைவு! வளைவு!"

"எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்காதே. நீ நூறு கிலோமீட்டருக்கு முப்பது லிட்டர் குடிக்கறவன்."

"நானா குடிக்கறேன்? லாரி குடிக்குது!"

ஏழு வளைவுகள் வரை வண்டி காற்றாகப் போனது. எட்டாவது வளைவில் சகின்பெக் இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் எழுந்து நின்றார். கருகிய நாற்றம் வந்தது. ஒன்பதாவது வளைவில் பனிச்சுவரில் பக்கவாட்டில் உரசி வண்டி ஒருவழியாக நின்றது. முன் சக்கரங்கள் இரண்டிலும் புகை.

"இறங்கு," என்றார் சகின்பெக், ஒன்றும் நடக்காதது போல. "சூடு ஆறட்டும். எப்படியும் ஒரு லிட்டர் மிச்சம்."

சூடு ஆற முக்கால் மணி நேரம் ஆயிற்று. குபாத் பனியை அள்ளி அள்ளிச் சக்கரத்தின் மேல் போட்டான். புருல்கான் சாலை ஓரத்தில் நின்று போனில் மகளிடம் பேசினாள். "வந்துக்கிட்டே இருக்கோம்டி கண்ணு. ஆமா, வண்டி நல்லாத்தான் ஓடுது. இப்போ நிக்குது. இல்லை, நல்லா நிக்குது."

*

கோச்கோர் ஊரின் முகப்பில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. மணி பதினொன்றரை. சகின்பெக் அதைப் பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் முள் இருந்த இடத்தை அவராலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அது இப்போது சிவப்புக் கோட்டுக்குத் தோள் கொடுத்துக்கொண்டு நின்றது.

"அத்தான், பத்தே பத்து லிட்டர் போட்டுடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உன் கையெழுத்து இருக்கற முத்திரையை நானே உடைக்கணும், நீ சொல்ல மாட்டே? நல்லா இருக்குடா சாட்சி."

"போட்டுடுங்களேன்," என்றாள் புருல்கான். அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. "இந்த ஒரு தடவை. நம்ம வண்டி அவ்வளவு தூரம் போகாதுங்க."

"ஏன் போகாது? ஆறு வருஷமா ஆறரை லிட்டர். உனக்கு மறந்து போச்சு. வாங்கின புதுசுல பத்து லிட்டர் குடிச்சுதே, அந்த வருஷம் உங்கம்மா வீட்டுக்கு ஒரு நடை கூட உன்னைக் கூட்டிட்டுப் போகலை, ஞாபகம் இருக்கா? நீ அழுதே. மறு வருஷம் நான் காலை மிதமா வைக்கப் பழகினேன். ஆறரைக்கு வந்துச்சு. அப்புறம் மாசம் ரெண்டு தடவை உங்கம்மாவைப் பார்க்கலையா நீ?"

புருல்கான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குபாத் பின்னாலிருந்து இருமினான். அவள் மூடிக்கொண்டாள்.

சகின்பெக் வண்டியை ஓரமாக நிறுத்தி யோசித்தார். கணக்கு தவறாக இருக்க முடியாது. அப்படியானால் பாரம்தான் தவறு. கிழங்கு மூட்டை முப்பது கிலோ. ஆடு ஐம்பது கிலோ. நேற்றிரவு அது தண்ணீர் வேறு குடித்தது.

கடைத்தெருவில் பிஷ்கெக் போகும் வாடகைக் கார்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் டிக்கியில் ஆட்டையும் கிழங்கு மூட்டையையும் ஏற்றினார். டிரைவர் எழுநூறு சோம் கேட்டான். சகின்பெக் எடுத்துக் கொடுத்தார்.

புருல்கான் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, எழுநூறு சோமுக்கு ஒன்பது லிட்டர் பெட்ரோல் வருமே!"

"அது எரிபொருள் செலவு. இது சரக்குக் கட்டணம். ரெண்டும் வேற வேற தலைப்பு."

"பணம் ஒரே பையிலதானே இருக்கு?"

"அதனாலதான் உன்னை ஆபீஸ்ல வேலைக்கு வைக்கலை."

ஆடு போன காரை குபாத் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தான், ஐநூறு கொடுத்தா என்னையும் ஏத்திக்கிட்டுப் போறானாம்."

"சாட்சி போனா நிரூபணம் எப்படி ஆகும்? ஏறு."

*

பூம் பள்ளத்தாக்கில், ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் ஆறுமாகச் சாலை குறுகும் இடத்தில், வண்டி இரண்டு முறை விக்கியது. மூன்றாவது முறை விக்கவில்லை. அப்படியே உருண்டு போய் நின்றது. மணி ஒன்றேகால். வந்த தூரம் இருநூற்றுமூன்று கிலோமீட்டர்.

பள்ளத்தாக்கின் காற்று வண்டியை ஆட்டியது.

சகின்பெக் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். விடை மாறவில்லை. முந்நூற்று முப்பது கிலோமீட்டர், இருபத்திரண்டு லிட்டர், டேங்கில் கொஞ்சம் மிச்சம் கூட இருக்க வேண்டும். காகிதத்தின்படி அவர் இப்போது பிஷ்கெக்குக்கு முந்தைய ஊரான டோக்மோக்கை நெருங்கிக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கி மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தார். ஒழுகல் இல்லை. மூடியைப் பார்த்தார். முத்திரை அப்படியே இருந்தது. ஆறு கையெழுத்தும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

"யாரும் எடுக்கலை," என்றார் மெதுவாக. "யாருமே எடுக்கலை மச்சான். வண்டிதான் குடிச்சிருக்கு."

குபாத் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆற்றைப் பார்த்தான்.

போன் அடித்தது. ஜிபாரா. சகின்பெக்தான் எடுத்தார்.

"அப்பா, ஆடு வந்துடுச்சு. நீங்க எங்கே?"

"அதுக்குள்ளேயா?"

"அவன் பறந்து வந்தான் போல. அவங்க எல்லாரும் வந்துட்டாங்கப்பா. வாசல்ல ஆட்டைப் பார்த்துட்டு அவரோட அம்மா கேக்கறாங்க, 'ஆடு வந்துடுச்சு, அப்பா வரலையா'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன்னு சொல்லு."

இப்படி ஒரு பொய்யைத் தன் மகளிடம் அவர் அதுவரை சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு சாலையின் நடுவே போய் நின்று இரண்டு கைகளையும் வீசினார்.

நின்றது ஒரு நிலக்கரி லாரி. டீசல் வண்டி. கொடுக்கப் பெட்ரோல் இல்லை.

"அத்தான், முன்னால ரெண்டு வளைவு தள்ளி ஒரு அம்மா எப்பவும் மீன் விக்கும். அவங்ககிட்ட பாட்டில்ல பெட்ரோல் இருக்கும். நான் ஓடிப் போய் வாங்கிட்டு வரேன்," என்றான் குபாத்.

"வாங்கி எங்கே ஊத்துவே?"

"டேங்க்லதான்."

"முத்திரை?"

குபாத் தலையில் கைவைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தான்.

சகின்பெக்குக்கு வேறு யோசனை தோன்றியிருந்தது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனால் முத்திரை உடையாது. லாரி டிரைவர் ஆயிரத்து ஐநூறு கேட்டான். அவர் மறு பேச்சு பேசவில்லை. புருல்கான் எந்தத் தலைப்பு என்று கேட்கக் கூட இல்லை. அவள் அழத் தொடங்கியிருந்தாள்.

லாரி நகர்ந்ததும் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கரித்தூள் கிளம்பியது. கண்ணாடி துடைப்பான் அதைத் துடைக்காமல் இழுத்துப் பூசியது. கண்ணாடி கறுத்துவிட, சகின்பெக் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். சடங்குக்காக வாங்கிய வெள்ளைக் கம்பளித் தொப்பி முதலில் சாம்பல் நிறமானது. பிறகு அதற்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பின் இருக்கைக்கு மாறியிருந்த புருல்கான் கம்பளத்தைத் தன் உடம்பால் மூடிக் காத்தாள். அவள் சால்வை போயிற்று. கம்பளம் பிழைத்தது.

"அத்தான்! இடது பக்கம் ஒடிங்க! இடது!"

"தெரியுதுடா!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலை!"

மூன்று வளைவுகள் போனார்கள். ஒரு மேட்டில் லாரி வெடுக்கென்று இழுத்தது. பெரிய சத்தம் ஒன்று கேட்டது. கயிறு அறுந்துவிட்டது என்று சகின்பெக் நினைத்தார். கயிறு நல்ல கயிறு. அது அறுபடவில்லை. முன் பம்பரைக் கழற்றிக்கொண்டு லாரியோடு போய்க்கொண்டிருந்தது. லாரி டிரைவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கார் மேட்டிலிருந்து மெதுவாகப் பின்னோக்கி உருண்டு, வந்த வழியே இறங்கி, ஒரு வளைவின் ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

ஜன்னலுக்கு வெளியே மீன் நாற்றம் வந்தது.

புகையில் காய வைத்த மீன்களைக் கம்பியில் கோர்த்து, குபாத் சொன்ன அந்தப் பெண் விற்றுக்கொண்டிருந்தாள். கரியாக வந்து நின்ற மூவரையும் அவள் ஒரு கணம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து இரண்டு ஐந்து லிட்டர் பாட்டில்களை எடுத்து மேலே வைத்தாள். அவள் இந்தச் சாலையில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறாள்.

"லிட்டர் நூத்தம்பது."

"ஊர்ல எண்பதும்மா!"

"ஊர்ல போய் வாங்கிக்கோ அண்ணே. மீனும் எடுக்கணும். மீன் எடுக்காதவங்களுக்கு பெட்ரோல் கொடுக்கறதில்லை. நான் மீன்காரி, பங்க் வெச்சிருக்கலை."

குபாத் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பக்கம் போனான். மூடியின் அருகே போய் நின்றான். திறக்கவில்லை. சகின்பெக் வர வேண்டும் என்று காத்தான். அந்த மரியாதையை அவன் காட்டியிருக்க வேண்டியதில்லை. காட்டினான்.

சகின்பெக் வந்தார். காகிதத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நகத்தால் கீறினார். முத்திரை இரண்டாகக் கிழிந்தபோது அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மீன்காரி கூட இந்தப் பக்கம் திரும்பினாள்.

"இருபத்திரண்டு வருஷம் மச்சான்," என்றார். "இருபத்திரண்டு வருஷமா உங்க ஆறு பேரையும் திருடங்கன்னு சொல்லியிருக்கேன். கோழிக் கூண்டுக்குள்ள தலையை விட்டிருக்கேன்."

"விடுங்க அத்தான்."

"உன்னை டிசம்பர்ல மலை மேல பெட்ரோல் இல்லாம நிக்க வெச்சேனே. ராத்திரி முழுக்க லாரியில உக்காந்திருந்தியே. அப்பவும் நான் என்ன சொன்னேன்? 'வித்தை கால்ல இருக்கு'ன்னேன்."

குபாத் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினான். பெட்ரோல் கொஞ்சம் தரையில் சிந்தியது. "அதை விடுங்க அத்தான், போதும். நேரமாச்சு, ஏறுங்க," என்றான்.

*

மைராமின் வீடு நான்காவது மாடி. பம்பர் இல்லாத வண்டியை வாசலில் நிறுத்தி, கம்பளத்தையும் ஆறு கோர்வை மீனையும் தூக்கிக்கொண்டு மூவரும் படியேறியபோது மணி ஐந்து.

கம்மல் மூன்று மணிக்கே போட்டாகிவிட்டது. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, அப்பாவின் இடத்தில் கீழ் வீட்டுக்காரர் ஒருவரை உட்கார வைத்து ஆசி சொல்ல வைத்திருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர். பெண்ணின் பெயரைத்தான் இரண்டு முறை மாற்றிச் சொல்லிவிட்டாராம்.

கதவைத் திறந்த ஜிபாரா ஒரு கணம் யாரென்று தெரியாமல் நின்றாள். பிறகு, "அப்பா?" என்றாள். அவள் காதுகளில் புதுக் கம்மல்கள் ஆடின. சகின்பெக் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். தொடக் கை நீட்டினார். கையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மகள் அந்தக் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

உள்ளே சம்பந்திகள் எழுந்து நின்றார்கள். சோறும் கறியும் பரப்பிய மேசையில் யாரும் பாதிக்கு மேல் சாப்பிட்டிருக்கவில்லை. சம்பந்தியம்மாள் மீன் நாற்றத்தைக் கவனிக்காதது போல மிகவும் பாடுபட்டாள்.

சகின்பெக் உட்கார மறுத்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் உக்காரறேன்," என்றார். "என் பொண்ணுக்குக் கம்மல் போடறப்போ நான் பக்கத்துல இல்லை. காரணம் பனி இல்லை, ரோடு இல்லை. என் கணக்கு. என் கணக்கு தப்பு. ஆறரை லிட்டர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. என் மச்சானும் அவனோட வேலை பாக்கறவங்களும் இத்தனை வருஷம் உண்மையைத்தான் சொன்னாங்க. நான்தான் நம்பலை. குபாத், உன் பேனாவைக் கொடு."

கிழிந்த முத்திரைக் காகிதத்தை மேசையில் விரித்து, அதன் பின்புறம் எழுதினார். லாரி ஒன்றுக்கு, நூறு கிலோமீட்டருக்கு.

"எத்தனைன்னு போடட்டும்? பழைய இருபத்தாறா?"

"முப்பதுன்னு போடுங்க அத்தான்," என்றான் குபாத் தாழ்ந்த குரலில்.

அவர் முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்பதாகக் கீழே ஒரு வரி சேர்த்தார். கண்ணீர் விழுந்து அந்த வரியில் கரி கலந்தது. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட நேர்மையான குடும்பத்தில் பெண் எடுப்பது தங்கள் பாக்கியம் என்று சொன்னார். குபாத் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். புருல்கான் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் தம்பி ஏன் தலை நிமிரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

சகின்பெக் இப்போது உட்கார்ந்தார். மகள் கொடுத்த தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. ஒன்றே ஒன்றுதான் இன்னும் உறுத்தியது.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை," என்றார். "போன வருஷம் வரைக்கும் இந்த வண்டி ஆறரைதான் குடிச்சுது. நானே அளந்திருக்கேன். பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில சும்மா நின்னுச்சு. இன்னைக்கு வெளியே எடுத்தா ஒரேயடியா இப்படிக் குடிக்குது. அது எப்படி?"

"டீ ஆறிடும், குடிங்க," என்றாள் புருல்கான் அவசரமாக.

அடுக்களையிலிருந்து சூடான ரொட்டியோடு வந்த மைராம் கடைசிக் கேள்வியை மட்டும் கேட்டாள். தட்டை மேசையில் வைத்தபடி ஆறுதலாகச் சொன்னாள்:

"இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு மாப்பிள்ளை? வண்டி குறைச்சலா குடிச்சாத்தானே நீங்க புருல்கானை அம்மாவைப் பார்க்கக் கூட்டிட்டுப் போறீங்கன்னு, குபாத் பாவம் அவனோட லாரியில இருந்து எடுத்து வாரா வாரம் உங்க டேங்க்ல ஊத்திக்கிட்டு இருந்தான். பிப்ரவரியில நீங்க அளவைக் குறைச்சதுக்கு அப்புறம், ஊத்தறதுக்கு அவனுக்கு மிஞ்சினாத்தானே?"